பொட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு

நான் கண்டிக்குப் போனது ஒரு தாலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக. என் அத்தை மகன் ராமலிங்கத்தின் பிள்ளை சேகருக்குக் கல்யாணம். பெண் கம்பளையில். எங்கள் வீட்டு வகைத் தாலி கண்டி நகைக்கடைக்காரர்களுக்குக் கைவராது என்பது மச்சானின் கட்சி. ஆகவே திருச்சியில் செய்து, ஒரு வெள்ளிச் சிமிழில் போட்டு, பனியனில் தைத்த உள்பையில் அதை வைத்துக்கொண்டு கிளம்பினேன். அப்போது இலங்கையில் சண்டை மும்முரம். இந்த நேரத்தில் போய்த்தான் ஆகவேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். கேட்ட கையோடு, வரும்போது தேயிலையும் கிராம்பும் வாங்கிவரச் சொன்னாள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் எழுதுவதுதான் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக எழுதிவருகிறேன். ஆனால் பஸ்ஸுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சைக்கிளில் செயின் கழன்றாலே கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறவன் நான்.

கண்டி ஸ்டேஷனில் மச்சான் காத்திருந்தார். பக்கத்தில் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். பெயர் சபாரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்பிட்டியவில் மச்சானுக்கு அடுத்த வீடு. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "வாங்கோ எஞ்சினியர்" என்றார். என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குள் மச்சான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

சபாரத்தினத்தின் கார் ஜெர்மன் கார். பழையதுதான், ஆனால் பூஜைப் பாத்திரம் மாதிரித் துலக்கி வைத்திருந்தார். ஸ்டியரிங்குக்கு நேரே, மீட்டர்களுக்கு நடுவில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எங்கள் டிப்போவில் காலையில் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் ஒரு வண்டியும் வெளியே போகாது. கடல் தாண்டி வந்தும் நம் ஆட்கள் வழக்கத்தை விடவில்லையே என்று முன்சீட்டில் எட்டி உட்கார்ந்து, அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சபாரத்தினம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஊரைத் தாண்டி அம்பிட்டிய ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு சோதனைச் சாவடி. மணல் மூட்டைகள், தார் பீப்பாய்கள், குறுக்கே ஒரு கம்பு. கம்புக்கு இரண்டு பக்கமும் இருபதடி தள்ளி ரோட்டில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், கோட்டைத் தாண்டினால் கேள்வி கிடையாது என்று மச்சான் பின்சீட்டிலிருந்து சொன்னார். கேள்வி கிடையாது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பட்டாளத்தான்களின் கையில் இருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது.

என்னைத் தடவிப் பார்த்த பையனுக்கு மீசை அரும்பும் வயசுதான். என் நெஞ்சில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். சிமிழ். மச்சான் சிங்களத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். நான் சிமிழை எடுத்துத் திறந்து காட்டினேன். தாலியைப் பார்த்ததும் அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரெண்டு கையாலும் மூடியை அவனே பதனமாக மூடிக் கொடுத்தான். அவனுடைய அக்காவுக்கு அடுத்த மாதம் கல்யாணமாம். ஏற்றத்தில் போகும்போது மச்சான் மொழிபெயர்த்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் சபாரத்தினம் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்தோம். அவர் மனைவி பரமேஸ்வரி பால் இல்லாத தேநீரும் கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டியும் கொடுத்தார். எங்கள் ஊரில் பாலில்லாமல் டீ கொடுத்தால் விருந்தாளி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பேசுவான். இந்தக் கருப்பட்டியோடு குடித்தால் பேச்சே வராது, அவ்வளவு ருசி. மூன்றாவது துண்டை எடுக்கும்போதுதான் சபாரத்தினம் காரின் கதையைச் சொன்னார்.

அணைக்கட்டு வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. கூடவே தடியான ஒரு புத்தகமும் கொடுத்தார். முழுக்க ஜெர்மன். சில மாதங்களுக்கு முன்னால் மீட்டர்களுக்கு நடுவில் ஒரு சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. அணையவே இல்லை. ஒரு நாள் சோதனைச் சாவடியில் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்து, அது என்ன விளக்கு என்று கேட்டான். சபாரத்தினம் பொய் சொல்லாத மனிதர். தெரியாது என்றார்.

தமிழன் ஓட்டுகிற காரில் சிவப்பாக ஒன்று எரிகிறது, அது என்ன என்று அவனுக்கே தெரியவில்லை. போதாதா? மூன்று மணி நேரம். சீட்டுகளைக் கழற்றி ரோட்டில் வைத்தார்கள். உபரிச் சக்கரத்தைக் காற்றிறக்கிப் பார்த்தார்கள். பரமேஸ்வரி அம்மா வெயிலில் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு எந்தச் சாவடியிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பொட்டைப் பார்க்கிறார்கள், சாமி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானே அப்படித்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"நீங்கள் பஸ் கொம்பனியில எஞ்சினியர் எண்டு ராமலிங்கம் சொன்னவர். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, உது ஏன் எரியுது?" என்றார் சபாரத்தினம்.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் முற்றத்துப் பலாமரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சபாரத்தினத்துக்கு டாக்டர் ஒரு தம்பி, எஞ்சினியர் இரண்டு மருமக்கள், லண்டனில் கணக்காளர் ஒரு மகன். வேலி ஓரத்தில் தினமும் இந்தப் பட்டியல் வாசிக்கப்படும். நகரசபையில் கிளார்க்காக இருக்கும் மச்சானுக்குத் திருப்பி வாசிக்க ஆள் இல்லை. கடல் தாண்டி இருக்கிற என்னை எஞ்சினியர் ஆக்கியிருக்கிறார். நான் நேரில் வந்து நிற்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

காரைத் திறந்து பொட்டை உரித்தார்கள். சிவப்பாக எரிந்தது. ஒரு வட்டம், அதன் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி. அந்த அடைப்புக்குறியும் முழுசாக இல்லை, விட்டு விட்டு இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் டிப்போவில் தலைமை மெக்கானிக் எதற்கும் பதில் சொல்லுமுன் காதைச் சொறிவார். நானும் சொறிந்தேன்.

"சூடு," என்றேன். "வட்டம்தான் சூரியன். ஜெர்மனி குளிர்ப் பிரதேசம். அந்தக் குளிருக்குன்னு செஞ்ச வண்டி. இங்க வெயில்ல ஓடும்போது எரியத்தான் செய்யும். ஒண்ணும் பயமில்லை."

சபாரத்தினத்தின் முகம் மலர்ந்துவிட்டது. தானும் அப்படித்தான் யோசித்ததாகச் சொன்னார். பரமேஸ்வரி அம்மா புதுப் பொட்டு ஒன்று கொண்டுவந்து ஒட்டினார். ஒரு மாதத்தில் பழசு ஒட்டாமல் போய்விடுமாம், மாற்றுவாராம், இது நான்காவது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை இந்தக் காரில்தான் அழைத்துப்போக வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. மச்சான் இருட்டில் என் கையை அழுத்தினார். வெட்கத்தைவிட எனக்கு அப்போது பெருமைதான் அதிகமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை பொலிஸ் நிலையம். வீட்டில் விருந்தாளி தங்கினால் போய்ப் பதிய வேண்டும் என்பது அந்த வருடங்களின் விதி. யார், எங்கிருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். மச்சானுக்கு அதில் அவமானம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வருஷத்தில் நாலு மாசம் என் வீட்டில் தங்குகிற என் மச்சினனை நினைத்துக்கொண்டேன். 'எத்தனை நாள்' என்ற அந்த ஒரு கட்டத்தையாவது திருச்சிக்குக் கொண்டுபோக முடிந்தால் நன்றாக இருக்கும். தொழில் என்ற இடத்தில் மச்சான் எஞ்சினியர் என்று எழுதப் போனார். அரசாங்கக் காகிதத்தில் வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன்.

பொலிஸ் நிலையத்திலிருந்து ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். கேட்காமலே ஒரு பெரிய தட்டு வந்தது. ரோல்ஸ், பற்றிஸ், மீன் பணிஸ், இன்னும் பெயர் தெரியாத முக்கோணங்கள். எங்கள் ஊரில் இலையில் வைத்ததை மீதி வைத்தால் வைத்தவருக்கு அவமரியாதை. சிரமப்பட்டு ஏழையும் முடித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால் கடைக்காரர், பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். வேண்டியதை எடுத்துச் சாப்பிட்டால் மீதியை எண்ணிக்கொண்டு தட்டைத் திரும்ப எடுத்துப்போவார்களாம். அதை மச்சான் வெளியே வந்த பிறகுதான் சொன்னார்.

அந்த வயிற்றோடு மச்சானுடன் கலகெதரவுக்குப் பஸ் ஏறினேன். மச்சானின் சிநேகிதர் ஜுனைதீன் அங்கே கராஜ் வைத்திருக்கிறார். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள், முஸ்லிம்களில் அண்ணனுக்கு அப்படிச் சொல்வது. மறுநாள் கல்யாணத்துக்கு அவரை நேரில் அழைக்கவில்லை என்று மச்சானுக்கு மனக்குறை. வழியில் இரண்டு சாவடிகள். எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஜனங்கள் ஏறுவார்கள், இங்கே பஸ் நின்றால் இறங்குகிறார்கள். வரிசையாக அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நடக்கிறார்கள். காலிப் பஸ் அந்தப் பக்கம் போய்க் காத்திருக்கிறது. முதல் சாவடியில் பதினொரு நிமிஷம், இரண்டாவதில் பதினாலு. பழக்கதோஷத்தில் குறித்து வைத்துக்கொண்டேன். நேற்றும் கண்டி பஸ் நிலையத்தைக் கடந்துபோகும்போது பலகையில் இருந்த நேரங்களையெல்லாம் நோட்டில் ஏற்றியிருந்தேன். சாப்பாடு இல்லாமல் இருந்தாலும் இருப்பேன், பஸ் நேரம் எழுதாமல் எனக்கு நாள் போகாது.

கராஜில் என்னை உட்கார வைத்துவிட்டு மச்சான் எதிர்க்கடைக்குச் சொல்லப் போனார். நானா ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். மச்சான் எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தார் போல. எஞ்சினியர் என்றதும் மரியாதையாக ஒரு பிளேன்டீ வரவழைத்துவிட்டு, இந்தியாவில் பெரிய பஸ்களுக்கு எந்த வகைப் பிரேக் போடுகிறார்கள் என்று கேட்டார். நல்ல பிரேக்தான் என்றேன். அவர் மேலே ஏதும் கேட்பதற்குள் பேச்சை மாற்ற, அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிச் சொன்னேன். வட்டம், இரண்டு பக்கமும் விட்டு விட்டு அடைப்புக்குறி என்று மேசைத் தூசியில் வரைந்தும் காட்டினேன்.

நானா கைத்துணியைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டார். பொட்டுக் கணக்கைச் சொன்னேன். நாலு பொட்டு.

ஒரு மரப்பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவு தகடு ஒன்றை எடுத்து வந்தார். தகட்டின் மேல் கறுப்பாக ஒரு கனமான பூச்சு. பிரேக்கை மிதித்தால் இந்தக் கறுப்புதான் சக்கரத்தோடு சுற்றுகிற வட்டை இறுக்கிப் பிடிக்கும், பிடிக்கப் பிடிக்கத் தேயும் என்றார். கறுப்புக்குள்ளே ஒரு மெல்லிய வயர் புதைத்திருந்தது. "பேட் நல்லா தேஞ்சா இந்த வயர் வட்டில ஒரசி அறுந்துபோகும். அறுந்தா லைட் பத்தும். ஒங்களுக்குச் செல்லத்தான் அந்த வயரே ஈக்கிது. பத்தின ஒடனே மாத்தினா ஒரு கொறையும் இல்ல. நாலு மாசம் ஓட்டினா இரும்பும் இரும்பும்தான் ஒரசும்."

ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு மரக்கறி வேன் இறக்கத்தில் வந்து ஒரு சாவடிக் கோட்டில் நிற்கவில்லை என்று சொன்னார். டிரைவர் நிறுத்தத்தான் பார்த்தான், பிரேக் பிடிக்கவில்லை. சுட்டவர்களுக்கு அது எப்படித் தெரியும்? நானா அதைத் தாழ்ந்த குரலில், தகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த வேன் அவரிடம்தான் வேலைக்கு வருகிற வேனாம்.

அம்பிட்டிய இறக்கமும், கீழே அந்த வெள்ளைக் கோடும், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மீசை அரும்பிய பையனும் எல்லாம் என் கண்முன் வந்தன. மறுநாள் காலை அந்த இறக்கத்தில் மாப்பிள்ளையை உட்கார வைத்துப் போகலாம் என்று சொன்னவன் நான்தான். நானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எஞ்சினியர் இல்லத்தானே?" என்றார். டைம் கீப்பர் என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. நாளைக்கு அந்தக் காரை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள், கல்யாணம் முடிந்ததும் நானே வந்து மாற்றித் தருகிறேன் என்றார்.

மச்சானிடம்கூடச் சொல்லாமல், சபாரத்தினத்திடமே நேரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திரும்பினேன். சபாரத்தினம் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர், ஒரு ஆட்டோ, ஒரு தண்ணீர்ப் பம்பு, அவற்றின் சொந்தக்காரர்கள். இந்தியாவிலிருந்து எஞ்சினியர் வந்திருக்கிற சேதி லேன் முழுக்கப் போயிருந்தது. சபாரத்தினம் என்னை நடுவில் நிறுத்தி, நான்கு மாத மர்மத்தை நான் ஒரே பார்வையில் தீர்த்த கதையை நடித்துக் காட்டினார். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஸ்கூட்டருக்கு மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றேன். பம்பைப் பார்த்துக் காதைச் சொறிந்தேன். எல்லாரும் போன பிறகு, மெதுவாக, நாளைக்குப் பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்டேன். காருக்குப் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, தன் காரில் ஏதும் குறையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். பிற்பாடு எத்தனையோ தடவை அந்த 'இல்லை'க்காக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவில் முகூர்த்தம். பெண்களெல்லாம் முதல் நாளே கம்பளைக்குப் போய்விட்டார்கள். காலை ஆறரைக்குச் சபாரத்தினம் ஸ்டியரிங்கில், பக்கத்தில் மச்சான், பின்னால் தலைப்பாகையோடு சேகர், அவன் பக்கத்தில் சிமிழோடு நான். முழங்கால் வலியால் வர முடியாத பரமேஸ்வரி அம்மா, கல்யாண நாள் என்று கொஞ்சம் பெரிய பொட்டாக ஒட்டியிருந்தார். லேனைத் தாண்டி முதல் வளைவில் பிரேக் மிதித்தபோது கறகறவென்று ஒரு சத்தம். தேங்காய் துருவுகிற மாதிரி.

"அது என்ன சத்தம்?" என்றார் சபாரத்தினம், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

இறக்கம் இன்னும் தொடங்கவில்லை. சேகரின் கை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது, மருதாணி வைத்திருந்தான். "காரை நிறுத்துங்க," என்றேன். "நான் எஞ்சினியர் இல்லை. பஸ் போற நேரத்தை எழுதுறவன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது சூடு இல்லை, பிரேக் தேஞ்சு போச்சுன்னு சொல்ற விளக்கு. கீழ கோட்டுல நிக்காது."

கறகறத்துக்கொண்டே கார் ஓரமாக நின்றது. சபாரத்தினம் கையை நீட்டிப் பொட்டை உரித்தார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, தான்தான் பொய் சொன்னதாகவும், அவருடைய சொந்தக்காரர்களுக்குச் சமமாகத் தன் பக்கம் ஒருவராவது இருக்கட்டும் என்று நினைத்ததாகவும் சொன்னார். இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் சேகர்தான் மணியைப் பார்த்து, ஆறே முக்கால் என்றான்.

காரை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் வெளிநாட்டான் என்பது தெரிந்தது. ஆளில்லாத கார் ரோட்டோரம் நின்றால் பத்து நிமிஷத்தில் பட்டாளம் சூழ்ந்துவிடும், அப்புறம் சொந்தக்காரரைத் தேடி வருவார்கள். லேன் ஏற்றத்தில் திருப்பி ஏற்றவும் வழியில்லை, பின்னால் பாண் என்கிற ரொட்டி விற்கிற வண்டி வந்து அடைத்துக்கொண்டது. கீழே இறக்கியே ஆக வேண்டும்.

"முதல் கியர்ல விட்டு, கைப் பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு நடை வேகத்தில கொண்டுபோறன்," என்றார் சபாரத்தினம். "ஆனா கோட்டில நிக்குமோ எண்டு சொல்லேலாது. அவங்களுக்கு முன்னமே தெரியோணும்." கண்ணாடியில் மறுபடி என்னைப் பார்த்தார். "தம்பி, இப்ப நீர் ஒரு வேலை செய்யும்."

அப்படித்தான் நான் அந்தக் காருக்கு முன்னால் நடந்தேன். பட்டு வேட்டி, வெறும் கால், தலைக்கு மேல் தூக்கிய இரண்டு கைகளிலும் வெள்ளிச் சிமிழ். கையில் ஆயுதம் இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே. எனக்குப் பின்னால் பத்தடியில் பூச்சரம் கட்டிய ஜெர்மன் கார் உறுமிக்கொண்டும் கறகறத்துக்கொண்டும் நகர்ந்தது. அதற்குப் பின்னால் பாண் வண்டி, இரண்டு ஆட்டோ, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள். யாரும் முந்திப் போகவில்லை. சாமி ஊர்வலத்தை முந்த யாருக்குத் துணிச்சல் வரும்? பின்னாலிருந்து கார் இடிக்குமா, முன்னாலிருந்து குண்டு வருமா என்று தெரியாமல், வாய்க்குள் கம்பெனியின் காலை நேரப் பஸ்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கோடு தெரிந்ததும் மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கிகள் உயர்ந்தன. நான் நின்றால் கார் என் மேல் ஏறும், நிற்காவிட்டால் அவர்கள் சுடுவார்கள். நடந்தேன். அந்தப் பையன்தான் முதலில் துப்பாக்கியைத் தாழ்த்தினான். என்னை அல்ல, சிமிழை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறான். மற்றவர்களிடம் ஏதோ கத்தினான். நான் கோட்டைத் தாண்டினேன். கார் கோட்டைத் தாண்டி, இரண்டு முழம் போய், கறக்கென்று ஒரு பீப்பாயில் மெல்ல முட்டி நின்றது.

பையன் சிங்களத்தில் கேட்டான். உங்களில் கல்யாணத்துக்குத் தாலியை இப்படித்தான் கொண்டுபோவீர்களா என்று கேட்கிறான் என மச்சான் எனக்குச் சொன்னார். ஆமென்றால் பொய், இல்லை என்றால் சீட்டெல்லாம் ரோட்டில். மச்சான் சபாரத்தினத்தைப் பார்த்தார். பொய்யே சொல்லாத சபாரத்தினம் கண்ணாடியை இறக்கி, கணீரென்ற சிங்களத்தில், ஆம், மிகப் பழைய சம்பிரதாயம், மாப்பிள்ளையின் மாமா முறைக்காரர் மலை இறங்கும்வரை முன்னால் நடக்க வேண்டும், கார் அவரை முந்தக் கூடாது என்றார்.

கம்பை உயர்த்தினார்கள். ஒருவன் எனக்கு சல்யூட் அடித்தான். பீப்பாயை அவர்களே நகர்த்தி வைத்தார்கள். சம்பிரதாயம் கெடக் கூடாது என்று, கண்ணுக்கு மறையும்வரை நான் சிமிழைத் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வாவிக்கரைப் பக்கம் மச்சானின் நகரசபைச் சிநேகிதர் வீட்டு முற்றத்தில் காரை விட்டோம். மணி ஏழரை தாண்டியிருந்தது. கம்பளைக்கு அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. ஏழு ஐம்பதுக்கு ஒன்று, அதை விட்டால் எட்டரைக்கு, அது போய்ச் சேர்ந்தால் முகூர்த்தம் இடிக்கும் என்றேன். ஓடினோம். தலைப்பாகையும் மாலையுமாக மாப்பிள்ளை ஃபுட்போர்டில் தொற்றி ஏறினான். உள்ளே ஒரு சிங்களப் பாட்டியம்மா அவனுக்குச் சீட்டைவிட்டு எழுந்துவிட்டார். பேராதனையில் ஒரு சாவடி, ஒன்பது நிமிஷம். ஒன்பது முப்பத்தெட்டுக்குத் தாலி கழுத்தில் ஏறியது. அதையும் குறித்துக்கொண்டேன்.

நானா பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் அவரே வந்து சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். ஒரு பக்கத்தில் கறுப்பு மிச்சமே இல்லை, வட்டில் விரல் நுழைகிற மாதிரிப் பள்ளம். அறுந்த வயர் நுனி கருகிக் கிடந்தது. புதுசு போட்டதும் விளக்கு அணைந்தது. பரமேஸ்வரி அம்மா பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். இனி என் காரில் உது வேண்டாம் என்று சபாரத்தினம் சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும் கோபமில்லை. விடைபெறும்போது கையைப் பிடித்து, "போட்டு வாங்கோ, டைம் கீப்பர்" என்றார். எஞ்சினியர் என்று சொன்னபோது இருந்ததைவிட அதில் மரியாதை கூடுதலாக எனக்குப் பட்டது.

ஒரு வருடம் கழித்து மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. சேகருக்குப் பெண் குழந்தை. அந்தப் பையன் இன்னும் அதே சாவடியில்தான் இருக்கிறானாம். மச்சானின் லேனிலிருந்து ஒரு கல்யாணக் கார் அந்த இறக்கத்தில் போயிருக்கிறது. புத்தம் புதுக் கார், புத்தம் புது பிரேக். கோட்டில் அழகாக நின்றிருக்கிறது. பையன் குனிந்து உள்ளே பார்த்து, முன்னால் நடக்கிற மாமா எங்கே என்று சந்தேகத்தோடு கேட்டானாம். காரைப் பின்னால் எடுக்கச் சொல்லி, அந்த வீட்டு மாமா ஒருவரை இறக்கி, தாலியைத் தலைக்கு மேல் பிடித்து நடக்கவிட்ட பிறகுதான் கம்பை உயர்த்தினானாம்.